கட்டணம் கட்டிய தொண்டர்

கூலிக்கு வேலை செய்கிறவர்களை உலகம் அறியும். கூலி வாங்காமல் ஓடியாடி உழைக்கிறவர்களையும் தேர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் வேலை செய்யும் பாக்கியத்துக்காகத் தாமே கைப்பணத்தைக் கட்டி, அது போதாதென்று விமானச் சீட்டுக்கும் தடுப்பூசிக்கும் வேறாகச் செலவழித்து, கடல் கடந்து போய், முன்பின் அறியாத ஆடுகளின் பட்டியைக் கூட்டி வாரிவிட்டு, வாய்ப்பளித்தமைக்காக வந்தனமும் சொல்லித் திரும்புகிற ஒரு ரகத்தாரைக் காண வேண்டுமானால், நமீபியா தேசத்தில் ஓட்ஜிவரோங்கோ என்னும் ஊரை அடுத்த முட்காட்டுப் பிரதேசத்துக்குத்தான் போக வேண்டும். சிவிங்கியைக் காக்க வந்த தன்னார்வத் தொண்டர் என்பது அவருடைய திருநாமம்.

சொந்த ஊரில் அவர் சாமானியர். மியூனிக்கிலோ மான்செஸ்டரிலோ ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து, பிறருடைய கார் எவ்வளவு நசுங்கியது என்று கணக்கெழுதுவது உத்தியோகம். ஒரு நாள் தொலைக்காட்சியில் சிவிங்கி ஒன்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் மானைத் துரத்துவதைக் கண்டதும், தம்மை விட்டால் அந்தப் பிராணிக்கு இவ்வுலகில் வேறு நாதியில்லை என்ற ஞானோதயம் அவருக்கு உண்டாகிவிடுகிறது. பைகள் மலிந்த காக்கிக் கால்சட்டையும் அகன்ற தொப்பியும் வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். மனத்தில் ஒரு சித்திரம்: மாலை வெயிலில் மரத்தடியில் அவர் அமர்ந்திருக்கிறார், சிவிங்கி அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறது, யாரோ போட்டோ எடுக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அவர் கையில் தரப்படுவது ஒரு வாளி. தாயை இழந்து, காட்டுக்குத் திரும்ப வகையின்றி அங்குள்ள பாதுகாப்பு நிலையத்திலேயே வளரும் சிவிங்கிகளுக்குக் கழுதை இறைச்சியோ குதிரை இறைச்சியோ துண்டு போட வேண்டும். தொண்டர் சைவ விரதம் பூண்டவராயிருந்துவிட்டால் அந்தக் காட்சி இன்னும் ரசமானது. மத்தியானம் சிவிங்கியின் எச்சத்தை அலசும் கைங்கரியம். காட்டில் பொறுக்கி, தேதியும் இடமும் குறித்து உறையிலிட்ட எச்சத்தை, பெண்கள் அணியும் நைலான் காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தில் சுழல விட்டால், மற்றதெல்லாம் நீரோடு போய், மயிரும் எலும்புத் துணுக்கும் மிஞ்சும். அவற்றை உலர்த்தி, இடுக்கியால் மயிர் மயிராகப் பிரித்து, நுண்நோக்கியின் கீழ் வைத்து, மேலேயுள்ள செதில் வரிசையைக் கொண்டு, தின்றது காட்டு மானா, முயலா, பண்ணைக்காரனுடைய கன்றுக்குட்டியா என்று தீர்மானிக்க வேண்டும். வீட்டில் தம் சொந்தக் காலுறையைத் துவைத்தறியாத அந்த மகானுபாவர், மூக்கைப் பொத்திக்கொண்டு தொடங்கி, மூன்றாம் நாள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, வாரக் கடைசியில் "இது முயல் மயிரேதான், சந்தேகமில்லை" என்று பக்கத்து மேஜைக்காரரோடு வாதம் புரியும் பதவிக்கு உயர்ந்துவிடுகிறார். அவரிடத்தில் எனக்கு மெய்யாகவே மதிப்பு உண்டாவது இந்த இடத்தில்தான்.

சாயங்காலம் தானியங்கி கேமராப் படங்களைப் பிரிக்கும் வேலை. சிவிங்கிகள் வாசனையிட்டு அடையாளம் வைத்துப் போகிற மரங்கள் சில உண்டு. அவற்றருகே கட்டிய கேமராக்கள் காற்றிலாடும் புல்லையும் காட்டுப்பன்றியின் பின்புறத்தையும் சளைக்காமல் எடுத்துத் தள்ளுகின்றன. அபூர்வமாக ஒரு சிவிங்கி அகப்பட்டால், எந்த இரண்டு சிவிங்கிக்கும் புள்ளிகள் ஒன்றுபோல் அமைவதில்லையாதலால், புள்ளி பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். அது கர்ஜிக்கத் தெரியாத பிராணி, குருவியைப்போல் கீச்சிடும் என்ற செய்தியும் அங்கேதான் தொண்டருக்குத் தெரிய வருகிறது. கட்டிய பணத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைத்ததுபோல் அவர் முகம் வாடுகிறது.

ஆட்டுப் பட்டி எதற்கென்று அவர் கேட்காமலில்லை. நமீபியாவின் சிவிங்கிகளில் பெரும்பாலானவை சரணாலயங்களில் இல்லை. அங்கே சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பறித்துக் குட்டியையும் கொன்றுவிடுமாகையால், தனியார் பண்ணை நிலங்களிலேயே அவை வாழ்கின்றன. கால்நடைக்கு ஆபத்தென்று பண்ணைக்காரர்கள் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பொறி வைத்துப் பிடித்தும் சுட்டும் தீர்த்தார்கள். 1990-இல் சிவிங்கிப் பாதுகாப்பு நிதியம் என்னும் ஸ்தாபனத்தை அங்கே நிறுவிய லாரி மார்க்கர் என்ற அமெரிக்க அம்மையார், துருக்கி தேசத்துக் காவல் நாய்களை 1994 முதல் பண்ணைகளுக்குக் கொடுக்கலானார். குட்டியிலேயே ஆடுகளோடு விடப்பட்ட நாய், மந்தையையே தன் குடும்பமாகப் பாவித்துக் குரைத்து நிற்கும். மெலிந்த உடம்போடு ஓட்டத்தையே நம்பிப் பிழைக்கிற சிவிங்கி, காயத்துக்கு அஞ்சி விலகிப் போய்விடும். ஆடு தப்பினால் துப்பாக்கிக்கும் வேலையில்லை. நம் நாட்டில் அற்றுப்போனதென்று 1952-இல் அறிவிக்கப்பட்ட சிவிங்கியினத்தில் எட்டு, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து குனோ தேசியப் பூங்காவுக்கு விமானமேறி வந்து சேர்ந்தனவே, அவற்றை அனுப்பிவைக்கும் அளவுக்கு அந்த நாட்டில் அந்த இனம் பிழைத்திருப்பதில் இந்த நாய்களுக்கும் பங்குண்டு.

பட்டியைக் கூட்டும்போது உள்ளூர் மேய்ப்பர் வேலியில் சாய்ந்துகொண்டு விசாரிப்பார்.

"ஐயா, இதற்கு உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?"

"கொடுப்பதா? நான்தான் கொடுக்கிறேன்."

பாஷைக் கோளாறாக இருக்கலாமென்று மேய்ப்பர் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பார். பதில் மாறாதது கண்டு, தாம் ஏந்தியிருந்த துடைப்பத்தையும் மரியாதையுடன் நீட்டிவிடுவார்.

காட்டுச் சிவிங்கியைத் தொண்டர் நேரில் காண்பதும் உண்டு. புதருக்கு அப்பால் ஒரு வால், இரண்டு விநாடி. ஊர் திரும்பியபின் அந்த வாலுக்கு உடம்பு முளைக்கிறது. உடம்புக்குக் கண் முளைத்து, அக்கண் அவரையே உற்றுநோக்குகிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்குள் இருவருக்குமிடையே ஒரு மௌன சம்பாஷணையே நடந்தேறிவிடுகிறது. நண்பர்கள் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேசினாலும் அவர் பெருமூச்செறிந்து, "நமீபியாவில் இருந்தபோது..." என்று தொடங்கிவிடுவார். காலுறை விருத்தாந்தம் மாத்திரம் பிரசங்கத்தில் வருவதே இல்லை.

இவரைப் பரிகசித்தாயிற்று, ஆனால் இவருடைய தமையனார் ஒருவர் இருக்கிறார், அவரைப் பரிகசிக்க மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் சில சிங்கப் பண்ணைகளுக்குப் பணம் கட்டிப் போய், தாய் கைவிட்டது என்று சொல்லித் தரப்படும் குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்டிக் கண்ணீர் வடிக்கிறவர் அவர். அந்தக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்ததே அவர் கொஞ்சுவதற்காகத்தான். கொஞ்ச முடியாத பருவம் வந்தபின், அப்படி வளர்ந்த சிங்கங்களை வேலிக்குள் விட்டு, பணக்கார வேட்டைக்காரனுக்குக் குறி வைக்கக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணீருக்கும் தோட்டாவுக்கும் கட்டணம் வாங்குகிற பெட்டி ஒன்றேதான்.

ஆகவே, வாசகர்களில் எவரேனும் இவ்விதத் தொண்டுக்குப் புறப்படுவதாயிருந்தால், பணம் கட்டுமுன் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "தாராளமாக" என்று பதில் வந்தால் பணத்தை மடியிலேயே முடிந்துகொள்ளலாம், "கழுதை இறைச்சி வெட்ட வருமா?" என்று எதிர்க்கேள்வி வந்தால் பயமின்றிக் கட்டலாம்.