ஜோக்கருக்கு மேக்கப்

ஹானோவர், ஜெர்மனி

அன்புள்ள மாமாவுக்கு,

அக்காவும் பிள்ளைகளும் நலமா? இந்த வருஷம் முந்திரி எப்படி?

நான் வண்டி வாங்கிய சேதி ஆண்டிமடம் கடைத்தெரு வரைக்கும் வந்து, டீக்கடையில் அது பென்ஸ் என்றே தீர்மானமும் ஆகிவிட்டதாம். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: வாங்கியது 1985ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன் வேன். இதே ஹானோவரில் செய்தது. உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் வைத்துக் கொடுத்தது வெஸ்ட்ஃபாலியா என்கிற கம்பெனி. 1844இல் பட்டறை போட்ட பழைய ஆட்கள். இந்த மாடலுக்கு வைத்த பெயரே ‘ஜோக்கர்’தான். பெயர் வண்டிக்கா, வாங்குகிறவனுக்கா என்று அக்கா கேட்கும். பதில் சொல்லாதீர்கள்.

நம் ஊரில் 15 வருஷம் ஓடிய அரசாங்க வண்டிகளை 2023இலிருந்து பதிவை நீக்கி உடைக்க அனுப்புகிறார்கள். இங்கே 30 வருஷம் தாண்டி, பழைய களையும் கெடாமல் இருந்தால் நம்பர் பிளேட்டில் ‘எச்’ என்று ஓர் எழுத்து சேர்த்துக் கௌரவிக்கிறார்கள். வரியும் வருஷத்துக்கு 191 யூரோ சொச்சத்தோடு முடிந்தது. அந்த எழுத்து வேண்டுமென்றால் உள்ளே அந்தக் காலத்துக்கு ஒவ்வாத எதையும் செய்யக்கூடாது. ரோஜாப்பூ போட்ட மைக்கா ஒட்டலாமே என்று அக்கா போனில் சொன்ன யோசனை அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

உள்பலகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்த்தால் தேக்கு மாதிரி ரேகை ஓடும். அது ரேகை இல்லை, படம். பலகையின் மேல் மரத்தைப் படமெடுத்து ஒட்டியிருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறவர் வீட்டிலேயே அவர் படத்துக்கு மாலை போட்டது போல. ஆனால் நாற்பது வருஷம் தாங்கியிருக்கிறதே, அதற்குக் கும்பிடலாம்.

அந்தப் பலகைகளை இப்போது நானே புதுப்பிக்கிறேன். ஆசாரியைக் கூப்பிடுங்களேன் என்பீர்கள். இங்கே ஆசாரி வீட்டுப் படியேறி வருவதற்கே தனிக்காசு. வாய் திறந்தால் அது வேறு கணக்கு. அதனால்தான் இந்த ஊரில் டாக்டர், வக்கீல், என்ஜினியர் எல்லாரும் சனிக்கிழமையானால் ஸ்க்ரூ டிரைவரோடு திரிகிறார்கள்.

பலகைகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் நம்பர் போட்டேன். முந்தைய சொந்தக்காரர் ஊதித் தள்ளிய சிகரெட் புகை மஞ்சளாகப் படிந்திருந்தது. அதைச் சோடா கலந்த வெந்நீரில் துடைத்தெடுத்தேன். பளபளப்பு போகும் வரை உப்புத்தாள். பெயர்ந்த மூலைகளுக்குப் பட்டி. அப்புறம் பிடிமானத்துக்கு ஒரு பிரைமர், அதன் மேல் மெல்லிசாக இரண்டு கை பெயின்ட். தொட்டிக்குக் கீழே இருந்த பலகை மட்டும் தண்ணீர் குடித்து ஊதிக் கிடந்தது. மரத்தூள் பலகை ஒருதரம் ஊதினால் திரும்ப வற்றாது. அதையே அளவாக வைத்துப் புது ப்ளைவுட்டில் அறுத்துக்கொண்டேன். பெயின்ட் காய்வது ஒன்று, இறுகுவது ஒன்று. காய்ந்துவிட்டதே என்று சாமானை அடுக்கினால் அலமாரிக் கதவு ஒட்டிக்கொண்டு வராது.

ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை நடக்காது. ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919இல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதியதை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கடை கிடையாது, மிஷின் சத்தமும் கூடாது. ஆனாலும் ஒரு ஞாயிறு சத்தமில்லாமல் கையால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி வந்து நின்றார். புகார்தான் என்று எழுந்து நின்றால், “தம்பி, குறுக்கே தேய்க்காதே, ரேகையோடு போ” என்கிறார். ரேகையே படம்தான் பாட்டி என்று சொல்லுமளவுக்கு எனக்கு ஜெர்மன் வரவில்லை. ரேகையோடே தேய்த்தேன்.

மாமா, இது உங்கள் தொழில் விஷயம். நம் முந்திரிக்கொட்டை ஓட்டில் வடியுமே ஓர் எண்ணெய், கொட்டை உடைக்கிற பெண்கள் கையைத் தோலுரித்துக் கறுப்பாக்குமே, அதிலிருந்து கார்டனால் என்று ஒன்றைப் பிரித்தெடுத்து, எப்பாக்சி பெயின்டை இறுக வைக்கும் கலவை செய்கிறார்கள். குளிரிலும் ஈரத்திலும் இறுகுமாம், கப்பலுக்கெல்லாம் அடிக்கிறார்கள். அங்கே தோலை உரித்தது இங்கே இரும்புக்குத் தோலாகப் போகிறது. ஓட்டை மலிவாகத் தள்ளிவிடும்போது இதையும் மனதில் வைத்து விலை பேசுங்கள்.

வேலை முடிந்ததும் ஹாம் ஊருக்கு ஓட்டிப் போகப் போகிறேன். அங்கே இலங்கைத் தமிழர்கள் கோபுரத்தோடு கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. போகிற வழியில்தான் இந்த வண்டிக்கு அலமாரி வைத்த வீடன்ப்ரூக். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் வண்டி என்று மட்டும் சொல்லுங்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் குழாய் என்று அடுக்கினால் பால் காய்ச்ச நாள் பார்த்துவிடும். அடுத்த வாரமே பெண் பார்க்கவும் கிளம்பிவிடும். மீறிக் கிளம்பி, பெண் வீட்டார் பையனுக்குச் சொந்த வீடு உண்டா என்று கேட்டால், தைரியமாக உண்டு என்று சொல்லுங்கள். எந்தத் தெரு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்