முதலில் மூக்கு, பிறகு வயிறு

குடல்வாலோ பித்தப்பையோ எது வலித்தாலும், 2020இல் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவரிடம் மருத்துவமனை முதலில் விசாரித்தது அவருடைய மூக்கைத்தான். சளி மாதிரியிலுள்ள கோவிட் வைரஸின் மரபணுத் துணுக்கைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் சோதனை, நோய் தணிந்து சில வாரங்கள் ஆன பின்னும் செத்த வைரஸின் மிச்சத்தைக் காட்டக்கூடியது என்பதால், உயிரோடிருப்பவர் செத்ததற்காகக் காத்திருக்கவும் நேர்ந்தது. சோதனை இல்லையென்று அவசரச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அவ்வாண்டே எழுத வேண்டியிருந்தது. அறிகுறியற்றவர்களுக்கு அறுவைக்கு முன் பொதுவாகச் சோதனை தேவையில்லை என்று 2022 ஜனவரியில் அதே அமைப்பு அறிவித்ததும் மூக்குக்கு விடுதலை கிடைத்தது.

இவ்விதிகள் யாவும் ஊரில் மருத்துவமனை ஒன்று இயங்குகிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. கர்நாடகத்தின் கோலார் தங்க வயலிலோ 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதோடு பெயர்பெற்ற சுரங்க மருத்துவமனையும் முடங்கியதால், தொற்றே பரவாத அறுவை அரங்கு என்னும் உலக இலட்சியத்தை அவ்வூர் சுமார் இருபது ஆண்டுகள் முன்கூட்டியே அடைந்துவிட்டது. 2021இன் இரண்டாம் அலையில் தன்னார்வலர்கள் அம்மருத்துவமனையைத் துப்புரவாக்கிக் கோவிட் நோயாளிகளுக்கென மீட்டெடுத்தனர்.

கோவிட் தொற்றியவருக்கு இயன்றால் ஏழு வாரம் கழித்தே அறுவை செய்யலாம் என்று பன்னாட்டு ஆய்வொன்று அவ்வாண்டு பரிந்துரைத்தது. பாறைத் தூசி படிந்து நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் உள்ள முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கு அத்தகைய தவணை எதுவும் கிடையாது.