சுரண்டுறதும் நீயே, பூசுறதும் நீயே

ஏண்டா ராசா, ரெண்டு வெரலால தொட்டுத் தொட்டு எடுக்கிறியே, என்னது அது, பழனி பஞ்சாமிர்தமா? ஓ, செராமைடு கிரீமா! மெல்ல எடுப்பா, ஒரு நாள் சம்பளம் அதுல கெடக்கு.

இந்தக் கெழவிக்கு என்ன தெரியும்னு பாக்காத. உங்க அக்கா தோல் டாக்டருக்குப் படிக்கிறப்ப சத்தம் போட்டுத்தானே படிச்சா? மேல்தோலோட உச்சி அடுக்குல செத்த செல்லெல்லாம் செங்கல்லா அடுக்கியிருக்காம். நடுவுல இருக்கிற கொழுப்புதான் சாந்தாம். பீட்டர் எலியாஸ்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர் சொன்ன கணக்கு. அந்தச் சாந்துல எடைக்குப் பாதி செராமைடு. மிச்சம் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும். அது கெட்டியா இருந்தாத்தான் உள்ள இருக்கிற ஈரம் ஓடாது, வெளிய இருக்கிற கண்டது கழியது நுழையாது.

அத உன் தோலு கூலி கேக்காமக் கொழைச்சுக் குடுக்குது. தொர என்ன பண்றீக? கை வச்சா கொப்புளிக்கிற கீசர் தண்ணி, வாசனச் சோப்பு, பீர்க்கங்கூடு. தோலோட பி.எச். 5 கிட்ட, லேசாப் புளிப்பு. சோப்பு 9, 10ன்னு காரம். இருக்கிற சாந்தையும் அரிச்சுட்டு, புதுசாக் கொழைக்கிற என்சைமையும் மந்தமாக்கிடும். ராத்திரி முச்சூடும் ஏசி வேற. நேத்து நீ தூங்குறப்ப உன் கெண்டைக்கால்ல நகத்தால உன் பேர எழுதிப் பாத்தேன். வெள்ளையா, எழுத்து சுத்தமா விழுந்துச்சுடா!

கிரீமக் குத்தம் சொல்லல. வயசானா செராமைடு கொறையும். கரப்பான் வந்த புள்ளைகளுக்கும் கம்மி. அவுகளுக்கெல்லாம் இது நல்லாவே ஒதவும். நீ அசந்த நேரம் நானே கொஞ்சம் எடுத்து மொழங்கால்ல தேச்சேன், அரிப்பு அடங்கித்தான் இருக்கு. வாங்குறப்ப கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் சேந்திருக்கான்னு பாத்து வாங்கு, சாந்துக்கு மூணும் வேணுமில்ல? குளிச்சதும் துண்டால ஒத்திட்டு, ஈரம் காயிறதுக்குள்ள பூசு. செல்போன நோண்டி முடிச்சு அரை மணி கழிச்சுப் பூசாத.

தண்ணி வெதுவெதுன்னு இருந்தாப் போதும். சோப்ப அக்குளுக்கும் கவட்டுக்கும் போடு. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி சாஞ்சிருந்த முதுகுல என்னடா சேறு? போ, போயி அந்தக் கீசர அணை. கரண்டு பில்லு கட்டுறது எம்மவன்.