அட்லாண்டிக்குக்கு வடம் உண்டு, கப்பலுக்கு இல்லை

லண்டனின் கிழக்கு கிரீனிச்சில் நான் குடியேறிய காலத்தில் எண்டர்பி துறை ஆளரவமற்ற இடம். தேம்ஸ் ஓரமாக நடந்தால், கடலடித் தந்தி வடத்தைக் கப்பலில் ஏற்றிய பழைய இயந்திரங்கள் துருவேறி நிற்கும். 1866இல் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துவரை 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் இட்ட வடம் இங்கே உருவானது. 1870இல் பம்பாயை ஏடனோடு இணைத்ததும் இங்கே வடம் செய்த நிறுவனத்தார்தான். அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

2015இல் அங்கே உல்லாசக் கப்பல் முனையம் கட்ட கிரீனிச் கவுன்சில் அனுமதி தந்தது. வேலை வரும், பயணிகள் கடைகளில் செலவழிப்பார்கள் என்றார்கள் ஆதரித்தவர்கள். அது நியாயமான ஆசைதான். ஆனால் துறையில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தரும் ஏற்பாடு திட்டத்தில் இல்லை. விளக்கும் குளிர்சாதனமும் சமையலறையும் இயங்க, கப்பல் இரவு பகலாகத் தன் எஞ்சினையே ஓட்டிப் புகை விட வேண்டும். பெருங்கடலுக்குக் குறுக்கே வடம் அனுப்பிய துறையிலிருந்து, பக்கத்தில் நிற்கும் கப்பலுக்கு ஒரு வடம் நீளவில்லை. செலவு அதிகம், பல கப்பல்களில் அதற்கான வசதியே கிடையாது என்பது அன்றைய வாதம். ஆற்றின் அக்கரையிலுள்ள டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலோ திட்டத்தை ஆட்சேபித்தது.

கரை மின்சாரம் கோரும் மனுவுக்குக் கையெழுத்து வாங்க வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார்: "கப்பல் வரட்டும் தம்பி, ஆர் வேண்டாமெண்டது? எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நிக்கட்டும்." எல்லாத் தரப்பின் அறிக்கைகளையும் படித்திருக்கிறேன், இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

2016இல் உயர் நீதிமன்றம், அனுமதியை எதிர்த்த குடியிருப்பாளர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிறகு முனையத் திட்டமே கைவிடப்பட்டது. 2020 டிசம்பரில், பக்கத்து லூயிஷமில் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். 2022இல் சவுத்தாம்டன் துறைமுகம் உல்லாசக் கப்பல்களுக்குக் கரை மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. கிரீனிச்சிலோ, சிறிய உல்லாசக் கப்பல்கள் இன்றும் நடு ஆற்றில் மிதவையில் கட்டி நிற்கின்றன, எஞ்சினை அணைக்காமல்.

அதே 2022இல் சென்னையிலிருந்தும் உல்லாசக் கப்பல் கிளம்பியது. டிக்கெட் விலை பேசும் நண்பர்களிடம் நான் கேட்பது வேறு: துறையில் நிற்கும்போது அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? துறைமுகத்தை ஒட்டி வாழும் ராயபுரத்துக்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?