விராலடிப்பானின் குடித்தனம்

கேள்வி: ஸ்காட்லாந்தின் லோஸ் ஏரிக்கரையில் கூடு கட்டியிருக்கும் விராலடிப்பான் பறவையைக் கணினியில் நேரலையாகப் பார்த்தபடி, என் கணவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அசையாத பறவையில் அப்படி என்ன அதிசயம்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அசையாமலிருப்பதே அதிசயம், அம்மணி! ஏறத்தாழ 37 நாட்கள், மழையானாலும் பனியானாலும், இரண்டு மூன்று முட்டைகளின்மீது பெரும்பாலும் பேடே தவமிருக்க, மீன் பிடித்துவரும் உத்தியோகத்தை வகிக்கும் சேவல், வழியிலே ஒரு கிளையில் அமர்ந்து தலைப்பாகத்தைத் தான் சாவதானமாகப் புசித்துவிட்டு, மிச்சத்தை மகா தியாகியின் தோரணையில் கூட்டிலே கொண்டுவந்து சேர்ப்பதை ஒருமுறை கண்டவர் எழுந்திருப்பது கஷ்டம். (தங்கள் கணவர் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை.)

தவிரவும், இந்த வேடிக்கை காமிராவோடு பிறந்ததன்று. வேட்டைக்காரர்களாலும் முட்டை சேகரிக்கும் சீமான்களாலும் பிரிட்டனில் வம்சமற்றுப்போன இவ்வினம் 1954-இல் கார்ட்டன் ஏரிப்பக்கம் மீண்டும் குடியேற, 1958-இல் ஒரு திருடன் இரவிலே கூட்டில் ஏறிக் கைவரிசை காட்டிவிட்டான். மறு வருஷமே, பறவைப் பாதுகாப்புச் சங்கத்து ஜார்ஜ் வாட்டர்ஸ்டன், கூட்டின் இருப்பிடத்தை மறைப்பதற்குப் பதிலாகப் பகிரங்கப்படுத்திப் பார்வையாளருக்கு வசதியும் செய்துவைக்க, ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தங்கள் வீட்டில் பிரயாணச் செலவாவது மிச்சம்.

ஆகஸ்டு வாக்கில் பேடு, பிள்ளைகளுக்கு மீன் கொடுக்கும் பொறுப்பைச் சேவலின் தலையில் கட்டிவிட்டு, மேற்கு ஆப்பிரிக்காவை நோக்கித் தனியே கிளம்பிவிடும். அந்தக் கட்டத்தைத் தாங்களும் உடனிருந்து பார்ப்பது உசிதம்.