விடுப்புத் தன்பதில்: தோற்றமும் இலக்கணமும்

விடுப்பில் போனவரின் அஞ்சல் பெட்டி, அவர் பெயரால் தானே எழுதி அனுப்பும் மடல் விடுப்புத் தன்பதில் எனப்படும். அலுவலக வழக்கில் இது ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’. எழுதுபவர் இல்லாதபோது மட்டுமே எழுதப்படும் கடித வகை என்பதால் இது தனி ஆய்வுக்குரியது.

இதன் முன்னோடி, யூனிக்ஸ் கணினிகளுக்காக எரிக் ஆல்மன் எழுதிய ‘வெக்கேஷன்’ என்னும் சிறு நிரல். மின்னஞ்சலைச் சுமந்துசென்ற ‘சென்ட்மெயில்’ நிரலை ஆக்கியவரும் அவரே. நோயும் மருந்தும் ஒரே கையிலிருந்து வந்த நிகழ்வாக இதைக் கொள்ளலாம்.

பதில் சொல்வது தன்பதிலுக்கு எளிது. எங்கே சொல்லாமல் இருப்பது என்பதில்தான் இக்கலை அடங்கியுள்ளது. இருவர் ஒரே வாரத்தில் விடுப்பெடுத்தால், ‘நான் இல்லை’, ‘நானும் இல்லை’ என்று இரு பெட்டிகளும் ஓயாமல் பேசிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே வெக்கேஷன், யாருக்கெல்லாம் சொல்லியாயிற்று என்று குறித்துவைத்துக்கொண்டு, ஒருவருக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் பதில் போடாது. ஜிமெயில் நான்கு நாள் பொறுக்கும். 2004-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3834 என்னும் இணைய நெறி ஆவணம், இயந்திரம் எழுதிய மடல் ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்ற அடையாளத்தைத் தாங்க வேண்டும், அந்த அடையாளம் கண்ட இன்னோர் இயந்திரம் வாய் திறக்கலாகாது என்று பரிந்துரைத்தது. மனிதர்களின் கூட்டங்களுக்கு இத்தகைய விதி இன்னும் இயற்றப்படவில்லை.

தன்பதிலின் உறுப்புகள் மூன்று: போகும் நாள், திரும்பும் நாள், அவசரத்துக்கு அணுக வேண்டிய இன்னார். திரும்பும் நாளை இட மறந்தவர், இருக்கையில் அமர்ந்தபடியே பல வாரம் இல்லாதவராகத் தொடர்வதுண்டு. அதைத் திருத்த அவர் அவசரப்படுவதில்லை. இன்னாரோ பொங்கல் வாரத்தில் தாமும் ஊருக்குப் போயிருப்பார். அவருடைய தன்பதில் முதலாமவரையே கைகாட்டும். தருக்க நூலார் இதை அன்னியோன்னியாச்சிரயம் என்னும் குற்றத்தில் அடக்குவர்.

தன்பதில் கல்வெட்டாகவும் பொறிக்கப்பட்டதுண்டு. 2008-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகராட்சி, கனரக லாரிகளைத் தடுக்கும் சாலைப் பலகைக்காக வெல்ஷ் மொழிபெயர்ப்பு கேட்டு மடல் அனுப்பியது. வந்து சேர்ந்த வெல்ஷ் வரிகள் அப்படியே பலகையில் ஏறின. ஆங்கிலப் பாதி லாரிகளுக்கு அனுமதியில்லை என்றது. வெல்ஷ் பாதி, தாம் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்பிவைக்கவும் என்றது. வெல்ஷ் படிக்கத் தெரிந்தவர்கள் சொன்ன பிறகே பலகை இறங்கியது.

இவ்வகையின் முற்றிய நிலை ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தில் காணப்பட்டது. 2014-இல் பரவலாகப் பேசப்பட்ட அந்த ஏற்பாட்டில், ஊழியர் விரும்பினால், விடுப்பின்போது வரும் மடல்கள் அழிக்கப்படும். அழித்த செய்தியையும் மாற்று ஆளின் விவரத்தையும் மடல் அனுப்பியவருக்குத் தன்பதில் தெரிவிக்கும். வேண்டுமென்றால் அவர் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம்.