முருகனுக்கு நேர்ந்துவிட்ட ராக் முடி

மலேசிய ராக் இசையின் வரலாற்றை எழுதும் தகுதி முடிவெட்டும் அண்ணன்மாருக்குத்தான் உண்டு. கித்தாரை எவன் எப்படி வாசித்தான் என்று இந்த வட்டாரத்தில் எந்த அமைச்சரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. தோளுக்குக் கீழே தொங்குவது எத்தனை அங்குலம் என்பதுதான் அவர்கள் கவலை.

நோய் தெற்கே தொடங்கியது. 1972-ல் சிங்கப்பூரில் கச்சேரி செய்ய லெட் செப்பெலின் குழுவினர் வந்தார்கள். முடியோடு நாட்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். முடி இல்லாமல் செப்பெலினை யார் பார்ப்பது? வந்த வழியே போய்விட்டார்கள். நீண்ட முடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அங்கே அரசாங்க அலுவலகங்களில் படம் போட்டு ஒட்டியிருந்த காலம் அது. செப்பெலின் பாடகர் ராபர்ட் பிளான்ட் அங்கே ஸ்டாம்ப் வாங்கப் போயிருந்தால் இன்றைக்கும் வரிசையில் நின்றிருப்பார்.

அதே எழுபதுகளில் பினாங்குக்காரர்களான நம் ஆட்கள் இரண்டு பேர் தலையில் காடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம். ஆறுமுகத்தின் பிள்ளைகள் என்றால் முறைப்படி மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருக்க வேண்டும். இவர்கள் ஆஃப்ரோ வைத்து, அல்லிகேட்ஸ் என்று பெயரும் வைத்து, ஹாங்காங் வரை போய் வாசித்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து மலாயில் பாடினார்கள், நாடே கிறங்கியது. 'ஹிங்கா அக்கிர் நந்தி' ஒலிக்காத மலாய்க் கல்யாண வீடு எண்பதுகளில் கிடையாது. ரேடியோவில் கேட்டவர்கள் பாடுவது தமிழ்ப் பிள்ளைகள் என்று நம்பவில்லை. டிவியில் பார்த்த நம் ஆட்களும் நம்பவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று என் மாமா ஒருவர் சாகும்வரை சாதித்தார்.

அல்லிகேட்ஸ் ராக்கே இல்லை, பாப் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வரட்டும். தலையைப் பார்த்து அம்மாக்கள் நெஞ்சில் கைவைத்தால் அது ராக். என் அளவுகோல் அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் விவகாரம் முற்றியது. ஜோகூரிலிருந்து 'செர்ச்' ராக் குழு. 1989-ல் அவர்களின் 'இசபெல்லா' பாட்டு. பாடகர் ஏமியின் முடி முதுகில் புரண்டது. 'விங்ஸ்' குழுவின் அவிக்கும் அப்படியே. தோட்டத்திலிருந்து தாமான் குடியிருப்பு வரை இருந்த பையன்கள் எல்லாரும், மலாய்க்காரன், தமிழன், சீனன் என்று பேதமில்லாமல், இறுக்கமான ஜீன்சில் கஷ்டப்பட்டு நடந்தார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கு அரசாங்கம் கொட்டிய பணத்தையெல்லாம் மிச்சம் பிடித்திருக்கலாம். அந்த ஜீன்ஸ் ஒன்றே போதுமாக இருந்தது.

தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், ஊர் செல்லமாக அழைத்தது தோக் மாட், வேறு மாதிரி நினைத்தார். நீண்ட முடிக்காரர்களுக்கு அரசாங்க ஒளிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மில் இடமில்லை என்று உத்தரவு. 1992-ல் ஏமிக்கும் அவிக்கும் முடிவெட்டு விழா. கத்தரியைப் பிடித்தவர் சாட்சாத் அமைச்சரேதான். நாடு டிவியில் பார்த்தது. பின்னாளில் நம் முடிதிருத்தும் கடைக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்க அனுமதி கேட்டு வருஷக்கணக்கில் அமைச்சு அமைச்சாக ஏறி இறங்கினார்கள். கடைக்கு ஆள் இல்லையாம். ஓய்வுபெற்ற அமைச்சர்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இனி என் சித்தி மகன் கதைக்கு வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் வீடு. ஆர்டிஎம் இருக்கும் அங்காசாபுரி அங்கிருந்து மோட்டாரில் பத்து நிமிஷம். ஆபத்து அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பயல் முடி வளர்த்தான். ஏமியைவிட நாலு விரல்கடை கூடவே இருக்கும். சித்தி கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்:

"முருகனுக்கு நேர்ந்திருக்கேன்மா."

இதற்கு எந்தத் தமிழ்த் தாயிடமும் பதில் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியார், போலீஸ், ஆர்டிஎம், யாராக இருந்தாலும் வேண்டுதல் முடியில் கைவைக்க முடியாது. ராக் உலகத்துக்குத் தமிழினம் கொடுத்த ஒரே சட்டப் பாதுகாப்பு இது. விஷயம் பரவி, பிரிக்பீல்ட்சில் திடீரென்று பையன்களுக்குப் பக்தி முற்றியது. ஒருவன் பரீட்சைக்காக என்றான், இன்னொருவன் பாட்டி முட்டிவலிக்காக என்றான். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டுக் காயவைத்தார்கள்.

ஓட்டை எங்கே என்றால், தைப்பூசம் வருஷா வருஷம் வரும். சித்தி மகன் ஒரு வருஷம் சளி என்றான், அடுத்த வருஷம் இன்னும் நீளம் பத்தாது என்றான். தோக் மாட் கத்தரி பிடித்ததை டிவியில் பார்த்த சித்திக்கு மண்டையில் ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு ஆளை இழுத்துக்கொண்டு பத்துமலைக்குப் போய்விட்டார். துணைக்கு நான்.

பத்துமலை முருகன் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை காலத்தில், 1892-லேயே அங்கே தைப்பூசம் தொடங்கிவிட்டது. கணக்குப் பார்த்தால் இந்த நாட்டின் ஆகப் பழைய திறந்தவெளிக் கச்சேரி அதுதான். டிக்கெட் கிடையாது. விடிய விடிய உறுமி மேளம். லட்சக்கணக்கில் கூட்டம். வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு மேடையில் குதிக்காதே, கத்தாதே என்று விதி போட்ட ஊரில், அருள் வந்து குதிப்பவனிடம் யாரும் பெர்மிட் கேட்பதில்லை.

ஆற்றங்கரையில் பலகை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் மொட்டை அடிப்பவர்கள். எங்களுக்கு வாய்த்த முடிவெட்டும் அண்ணன் பிளேடைக் காகிதத்தோடு வளைத்து, பட்டென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தேய்த்தவர் நிறுத்திவிட்டார்.

"தம்பி, என்னா ஷாம்பு போடுற?"

சொன்னான். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"பொம்பளப் புள்ளைக்குக்கூட இப்படி இல்லலா" என்று சொல்லிக்கொண்டே நெற்றியிலிருந்து பின்னுக்கு ஒரே இழுப்பு. மூன்று வருஷ ராக் மடியில் விழுந்தது. சந்தனத்தை அப்பியதும் வெயிலில் பித்தளைக் குண்டான் மாதிரி மின்னினான். அப்படியே 272 படி ஏறவைத்தார் சித்தி. இறங்கும்போது உறுமிக்குத் தலையாட்டினான், பழக்கதோஷம். ஆட்ட ஒன்றுமில்லை.

அரசாங்கத்தின் கவலையும் முடியோடு ஓயவில்லை. 2001-ல் மெகாடெத் ராக் குழு கோலாலம்பூருக்கு வருவதாக இருந்து தடைபட்டது. அவர்களின் சின்னமான எலும்புக்கூடுதான் குற்றவாளி. அதன் கண், காது, வாய் மூன்றும் அடைத்திருக்கும். இதைவிட அடக்கமான குடிமகன் எந்த அரசாங்கத்துக்குக் கிடைப்பான்? வெட்டுவதற்கு முடிகூட அதற்குக் கிடையாது. மண்டையோட்டு மாலை போட்ட காளியம்மாவைத் தோட்டத்துக்குத் தோட்டம் கும்பிடுகிற நமக்கு அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை. 2018-ல் கன்ஸ் அன்ட் ரோசஸ் சன்வே லகூனில் பாடியபோது முடியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. வயசாகிவிட்டால் எல்லா ராக்கும் பாரம்பரியம்.

அல்லிகேட்சின் லோகநாதன், எல்லாருக்கும் லோகா, 2007 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அதற்குச் சில வருஷங்கள் கழித்துத்தான் அல்லிகேட்சை நேரில் பார்க்க வாய்த்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல் விருந்து. வட்ட மேசை, பத்துப் பேருக்கு ஒரு மீன். நான், சித்தி மகன், தனியாக விட முடியாததால் சித்தி. அவன் தலையில் அதற்குள் தானாகவே பாதி காலி. முருகன் வட்டியும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

டேவிட் மேடைக்கு வந்தார். ஆஃப்ரோ அப்படியே இருந்தது. முதல் பாட்டுக்கே மண்டபம் எழுந்து நின்றது. குதிக்கக் கூடாது என்ற விதியை எங்கள் முட்டிகள் அமல்படுத்தின. பக்கத்து மேசையில் ஒரு மலாய் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட, சீன அங்கிள் ஒருவர் கரண்டியால் மீன் தட்டில் தாளம் போட்டார். லோகா பாட வேண்டிய இடத்தைக் கூட்டமே எடுத்துக்கொண்டது. சுருதி பற்றிப் பேச வேண்டாம். சித்தி மகன் கண்ணை மூடி, இல்லாத முடியை இரண்டு பக்கமும் வீசி ஆடினான்.

சித்தி மட்டும் மேடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றதும் என் காதருகே குனிந்தார்.

"பாவம்டா, எத்தனை வருஷமா வேண்டுதலை முடிக்காமலே வச்சிருக்கு இந்தப் புள்ள. யாராச்சும் பத்துமலைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"